அம்மாவின் வேலையை யார் செய்வது?

1960 இலையுதிர்காலத்தில் ஒரே வாரத்துக்குள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் தொடங்கின. செப்டம்பர் 29 அன்று ஏபிசியில் ‘மை த்ரீ சன்ஸ்’, அக்டோபர் 3 அன்று சிபிஎஸ்ஸில் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’. முதல் தொடரில் ஒரு விமானப் பொறியாளர் மூன்று மகன்களை வளர்க்கிறார். இரண்டாவதில் மேபெரி என்னும் சிற்றூரின் ஷெரிஃப் தன் ஒரே மகனை வளர்க்கிறார். இரண்டு வீடுகளிலும் அம்மா கிடையாது. கதை தொடங்குவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள்.

அதே ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு நாட்டைக் காட்டுகிறது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 88 பேர் தாய் தந்தை இருவருடனும் வாழ்ந்தார்கள். தாயோடு மட்டும் வாழ்ந்தவர்கள் 8 பேர். தந்தையோடு மட்டும் வாழ்ந்தவர் ஒரே ஒருவர். நிஜத்தில் நூற்றில் ஒன்றாக இருந்த வீடு, சின்னத்திரையில் தெருவுக்கு ஒன்றாக எப்படிப் பெருகியது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்கு விவாகரத்து ஆகாது, மரணம் ஆகும் என்பது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அறுபது ஆண்டுகளின் சிட்காம்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை அத்தனையும் திரும்பத் திரும்ப ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுவது தெரியும். சம்பாதிப்பவர் வேலைக்குப் போனபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? வித்தியாசமான குடும்பம் என்று நாம் கொண்டாடும் அந்த வீடுகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட விடைகள்.

மரணம் என்னும் வசதி

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். 1970இல் ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வை உருவாக்கிய ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் கதாநாயகியை விவாகரத்தானவளாக எழுத விரும்பினார்கள். சிபிஎஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மேரி டைலர் மூர் அதற்கு முன்பு டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்துப் புகழ்பெற்றவர். டிக் வான் டைக்கையே மேரி விட்டுவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. கடைசியில் நீண்ட காலக் காதல் முறிந்த பெண்ணாக மேரி மினியாபொலிஸ் நகருக்கு வந்து சேர்ந்தாள்.

‘தி பிராடி பஞ்ச்’ கதை இன்னும் சுவையானது. முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளைகளோடு மறுமணம் செய்துகொள்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்ற ஒரு பத்திரிகைத் துணுக்கைப் படித்துத்தான் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் இந்தத் தொடரை யோசித்தார். மூன்று மகன்களோடு ஓர் ஆண், மூன்று மகள்களோடு ஒரு பெண். அந்தப் பெண் கரோல் விவாகரத்தானவள் என்பது அவர் எண்ணம். தொலைக்காட்சி நிறுவனம் மறுத்தது. ஆகவே கரோலின் முதல் கணவர் என்ன ஆனார் என்பது 117 எபிசோடுகளிலும் சொல்லப்படவே இல்லை.

கரோலை மணக்கும் மைக்கின் முதல் மனைவிக்கு மட்டும் ஒரு காட்சி கிடைத்தது. 1969 செப்டம்பர் 26 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோடில், கல்யாண நாளன்று கடைக்குட்டி பாபி தன் இறந்துபோன அம்மாவின் புகைப்படத்தை ஒளித்துவைக்கிறான். புது அம்மா வரும்போது பழைய அம்மாவின் படம் வெளியே இருப்பது சரியில்லை என்பது அந்தச் சிறுவனின் நியாயம். மைக் அவனைக் கூப்பிட்டு, அம்மாவை மறக்கவேண்டியதில்லை, கரோலும் அப்படி விரும்பமாட்டாள் என்று பக்குவமாகச் சொல்லிப் படத்தைத் திரும்ப வைக்கச் சொல்கிறார். தொடரின் மிக நேர்மையான இடங்களில் இது ஒன்று. ஆனால் அதற்குப் பிறகு ஐந்து சீசன்கள் ஓடியும் அந்த அம்மா பேச்சில்கூட வந்தது அரிது.

மரணம் கதாசிரியர்களுக்கு வசதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். விவாகரத்து என்றால் மறுபக்கத்தில் ஓர் ஆள் உயிரோடு இருப்பார். வாரக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார், ஜீவனாம்சப் பணத்தைப் பாக்கி வைப்பார், சண்டை போடுவார். இறந்தவர் எதுவும் செய்யமாட்டார். அவர் விட்டுப்போகும் இடம் சுத்தமான காலியிடம். அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து உட்காரவைக்கலாம்.

காலியிடத்தை நிரப்பியவர்கள்

‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வின் முதல் எபிசோடின் தலைப்பே ‘புதிய வீட்டுப் பணிப்பெண்’ என்பதுதான். வீட்டைப் பார்த்துக்கொண்ட ரோஸ் கல்யாணமாகிப் போய்விடுகிறாள். அவள் இடத்துக்கு, முன்பு ஆண்டியையே வளர்த்த அத்தை பீ வருகிறார். சிறுவன் ஓபிக்கு அவரைப் பிடிக்கவில்லை. பேஸ்பால் ஆடத் தெரியாது, மீன் பிடிக்கத் தெரியாது, தவளை பிடிக்கத் தெரியாது. அத்தை மனம் உடைந்து பெட்டியோடு வண்டியில் ஏறும்போதுதான் ஓபி ஓடிவருகிறான். இவருக்கு ஒன்றுமே தெரியாது, நான் இல்லாவிட்டால் இவர் என்ன செய்வார் என்று அவரை நிறுத்திவிடுகிறான். எட்டு ஆண்டுகள் ஓடி, கடைசி சீசனில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்த ஒரு தொடரின் அஸ்திவாரம் இந்தக் காட்சியில் இருக்கிறது. அப்பாவின் காதலோ ஊரின் குற்றமோ முதல் பிரச்சினை அல்ல. சோறு போட்டுப் பிள்ளையைப் படுக்கவைக்க ஆள் வேண்டும் என்பதே முதல் பிரச்சினை.

‘மை த்ரீ சன்ஸ்’ வீட்டில் அந்த ஆள் ஓர் ஆண். மாமனார் பப், ஏப்ரன் கட்டிக்கொண்டு சமைக்கிறார், அதட்டுகிறார், துணி துவைக்கிறார். ‘ஐ லவ் லூசி’யில் ஃபிரெட் மெர்ட்ஸாக நடித்த வில்லியம் ஃபிராலிதான் பப். 1965இல் உடல்நலக் குறைவால் அவர் விலகியபோது அடுப்படி ஒரு நாளும் காலியாகக் கிடக்கவில்லை. பப்பின் சகோதரர் சார்லியாக வில்லியம் டெமரஸ்ட் வந்து நின்றார். அப்பாவாக நடித்த ஃபிரெட் மெக்மரியின் ஒப்பந்தப்படி ஒரு சீசனுக்கான அவருடைய காட்சிகள் அனைத்தும் 65 நாட்களில் மொத்தமாக எடுக்கப்பட்டன. மற்றவர்கள் மிச்சக் காட்சிகளை அவர் இல்லாமலே நடித்து முடித்தார்கள். அப்பா அவ்வப்போது வந்துபோக, தாத்தா நிரந்தரமாக வீட்டில் இருந்தது கதையில் மட்டும் நடந்ததல்ல, படப்பிடிப்புத் தளத்திலும் அதேதான் நடந்தது.

1966இல் வந்த ‘ஃபேமிலி அஃபேர்’, பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகளை மன்ஹாட்டனில் வாழும் சித்தப்பா பில்லின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. பில் கட்டுமானப் பொறியாளர், கட்டைப் பிரம்மச்சாரி, அடிக்கடி வெளியூர் போகிறவர். அவருடைய ஆங்கிலேயப் பணியாளர் ஃபிரெஞ்ச், அதுவரை எஜமானரின் கோட்டைத் துடைத்து மடித்துவைத்தவர், இரட்டைக் குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகத் தொடங்குகிறார். பிராடி வீட்டில் ஆலிஸ். சமையலறையை ஒட்டிய சிறு அறையில் நீல நிற உடையோடு வாழ்ந்த அவர், இரண்டு பெரியவர்களும் ஆறு பிள்ளைகளும் கொண்ட அந்தக் குடும்பத்தின் அச்சாணி. கரோல் வெளியே வேலைக்குப் போகாத பெண் என்றாலும் ஆலிஸ் இல்லாமல் அந்த வீடு ஓடியிருக்காது.

இதே பத்தாண்டில் தோற்றத்தில் விபரீதமான ஒரு குடும்பமும் வந்தது. சார்லஸ் ஆடம்ஸ் ‘தி நியூயார்க்கர்’ இதழில் 1938 முதல் வரைந்த கேலிச்சித்திரங்களிலிருந்து பிறந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 1964 செப்டம்பர் 18 அன்று தொடங்கியது. வீட்டில் சித்திரவதைக் கருவிகள், சிறுமிக்கு வளர்ப்புச் சிலந்தி, பெட்டியிலிருந்து எட்டிப்பார்க்கும் கை. ஆனால் அமைப்பைப் பாருங்கள்: கணவன் கோமெஸ், மனைவி மார்ட்டீஷியா, இரண்டு பிள்ளைகள், பாட்டி, மாமா ஃபெஸ்டர், பணியாள் லர்ச். முதல் எபிசோடில், பள்ளிக்கூடப் பாடப்புத்தகக் கதையில் டிராகனைக் கொன்றுவிட்டார்கள் என்று மகள் வெட்னஸ்டே அழுதுகொண்டு வருகிறாள். உடனே பெற்றோர் இருவரும் சேர்ந்து அதற்காகக் கொதிக்கிறார்கள். தாயும் தந்தையும் உயிரோடு, ஒருவர்மேல் ஒருவர் தீராத காதலோடு, கூட்டுக்குடும்பமாக வாழ்ந்த வீடு இது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை, ஏனென்றால் எப்போதும் யாராவது வீட்டில் இருந்தார்கள். அக்காலத்துச் சிட்காம்களில் மிகவும் நிம்மதியான வீடு எது என்று கேட்டால் இந்தப் பூதவீட்டைத்தான் சொல்லவேண்டும்.

திரைக்கு வெளியே நிலைமை வேறு. 1971இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான குழந்தைகள் காப்பகத் திட்டத்துக்கு வழிசெய்யும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. டிசம்பரில் அதிபர் நிக்சன் அதைத் தம் அதிகாரத்தைக் கொண்டு நிராகரித்தார். குழந்தை வளர்ப்பில் குடும்பத்தின் இடத்தை அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் தரப்பு வாதம். அந்த வாரமும் ஆலிஸ் பிராடி வீட்டுச் சமையலறையில் இருந்தார். நாடு மறுத்த ஏற்பாட்டைத் தொலைக்காட்சி கற்பனையில் செய்து தந்துகொண்டிருந்தது.

அப்பாவின் சம்பளம், அம்மாவின் சம்பளம்

மனைவியை இழந்த ஆண்கள் ஏன் இத்தனை பேர் என்பதற்கு இங்கே இன்னொரு பதிலும் கிடைக்கிறது. பொறியாளர், கட்டடக் கலைஞர் என்று இந்த அப்பாக்கள் எல்லோரும் நன்றாகச் சம்பாதிப்பவர்கள். அவர்களால் ஆள் வைத்துக்கொள்ள முடியும். 1970களில் முழுநேரம் வேலை செய்த அமெரிக்கப் பெண், ஓர் ஆண் ஒரு டாலர் ஈட்டிய இடத்தில் சுமார் 60 சென்ட்தான் ஈட்டினாள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயை நாயகியாக வைத்தால் வாடகையும் மளிகைக் கணக்கும் கதைக்குள் வந்துவிடும். அறுபதுகளின் நகைச்சுவைத் தொடர்கள் அதற்குத் தயாராக இல்லை.

1968இல் வந்த ‘ஜூலியா’ ஒரு துணிச்சலான தொடக்கம். டயன் கேரல் நடித்த ஜூலியா ஒரு செவிலியர், கணவரை வியட்நாம் போரில் இழந்தவர், மகன் கோரியைத் தனியாக வளர்ப்பவர். கருப்பினப் பெண் என்றால் வீட்டு வேலைக்காரி வேடம்தான் என்றிருந்த சின்னத்திரையில் இது பெரிய நகர்வு. ஆனாலும் அந்த வீட்டின் பளபளப்பு கருப்பினக் குடும்பங்களின் நிஜ வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்றும், இங்கேயும் கருப்பினத் தந்தைக்கு இடமில்லாமல் போனது என்றும் அப்போதே விமரிசனம் எழுந்தது.

அந்த விமரிசனத்துக்குச் செயலில் பதில் சொன்னவர் எஸ்தர் ரோல். நார்மன் லியரின் ‘மாட்’ தொடரில் அவர் ஏற்ற ஃபுளோரிடா, ஒரு வசதியான வெள்ளைக்காரர் வீட்டுப் பணிப்பெண். அந்தப் பாத்திரத்தை மையமாக்கி 1974இல் ‘குட் டைம்ஸ்’ உருவானபோது, பிள்ளைகளுக்குத் தந்தை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடிக்கமாட்டேன் என்றார் ரோல். ஜான் அமோஸ் தந்தையாக வந்தார். வீட்டுவேலைக்குப் போகிறவளுக்குச் சொந்த வீடும் சொந்தப் பிள்ளைகளும் உண்டு என்று காட்டிய முக்கியமான தொடர் இது. ஆனால் 1976இல் அமோஸ் நீக்கப்பட்டார், அவருடைய பாத்திரம் கார் விபத்தில் கொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ரோலும் விலகியிருந்தபோது பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு வில்லோனா. அண்டைவீட்டுக்காரியும் காலியிடத்தை நிரப்புவோர் பட்டியலில் சேர்ந்தாள்.

1975இல் அமெரிக்காவில் ஓராண்டின் விவாகரத்துகள் முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டின. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று ‘ஒன் டே அட் எ டைம்’ தொடங்கியது. ஆலன் மேனிங்ஸோடு சேர்ந்து இதை உருவாக்கிய விட்னி பிளேக், மணமுறிவுக்குப் பின் தனியாகப் பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர். 17 வயதில் மணந்து, பல ஆண்டுகளுக்குப் பின் பிரிந்து, இரண்டு பதின்வயது மகள்களோடு இண்டியானபொலிஸுக்கு வரும் ஆன் ரோமானோ தன் பிறந்தவீட்டுப் பெயருக்குத் திரும்புகிறாள். மகள்களுக்கோ தந்தையின் பெயரான கூப்பர்தான். அழைப்புமணியில் இரண்டு பெயர் கொண்ட அந்தக் குடும்பத்தில் பணக்கஷ்டம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அத்தை இல்லை, ஆலிஸ் இல்லை. அழைக்காமலே உள்ளே வரும் கட்டடப் பராமரிப்பாளர் ஷ்னைடர் ஒருவர்தான் துணை. தாய் வேலைக்குப் போனால் மகள்கள் தனியாக இருப்பார்கள், தவறு செய்வார்கள், மாலையில் அதற்காகச் சண்டை நடக்கும். கேள்விக்கு மந்திர விடை தராமல் கேள்வியைக் கேள்வியாகவே விட்ட முதல் பெரிய வெற்றி இது. ஒன்பது சீசன்கள் ஓடியது.

எண்பதுகளின் கூடாரங்கள்

1978இல் தொடங்கிய ‘டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்’ இந்த ஆய்வில் நின்று பார்க்கவேண்டிய தொடர். நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் வாழும் வெள்ளைக்காரக் கோடீஸ்வரர் டிரமண்ட், ஹார்லெமைச் சேர்ந்த ஆர்னால்டு, வில்லிஸ் என்ற இரண்டு கருப்பினச் சிறுவர்களை வளர்க்கிறார். அவர்களுடைய அம்மா அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவள். சாகும்போது பிள்ளைகளை ஒப்படைத்துப் போனவள். இன்னொருவர் வீட்டைப் பராமரித்த பெண் இறக்கிறாள், அவளுடைய பிள்ளைகள் அதே வீட்டுக்குள் பிள்ளைகளாக வருகிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பணிப்பெண், திருமதி காரெட், வருகிறார். ஆர்னால்டாக நடித்த கேரி கோல்மனின் குறும்பில் நாடே மயங்கிய வேளையில் அந்தத் தாயின் வாழ்க்கை பின்னணித் தகவலாகச் சுருங்கிப்போனது. அவள் உயிரோடு இருந்தபோது ஹார்லெமில் அவள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தொடர் தொடங்கும் இடத்திலேயே கேட்டிருக்கலாம்.

1984இல் ‘ஹூ’ஸ் த பாஸ்?’ ஆண் பெண் இடத்தை மாற்றிவைத்தது. விளம்பர நிறுவன அதிகாரியான ஏஞ்சலா விவாகரத்தானவள். மனைவியை இழந்த முன்னாள் பேஸ்பால் வீரர் டோனி அவள் வீட்டோடு தங்கிச் சமைத்துத் துடைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அதே ஆண்டின் ‘கேட் அண்ட் ஆலி’ இன்னும் ஒரு படி முன்னே போனது. விவாகரத்தான இரண்டு தோழிகள் பிள்ளைகளோடு கிரெனிச் வில்லேஜில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒருத்தி வேலைக்குப் போக, மற்றவள் வீட்டைக் கவனிக்கிறாள். ஓர் எபிசோடில் வீட்டுக்காரப் பெண், ஒரு குடும்பத்துக்குத்தான் வீடு, இரண்டு குடும்பம் என்றால் வாடகை கூடும் என்கிறாள். கூடுதல் வாடகைக்கு வழியில்லாத இருவரும் தங்களைத் தம்பதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். குடும்பம் என்பது யார் என்ற பெரிய கேள்வியை வாடகை ரசீதிலிருந்து எழுப்பிய அந்த எழுத்து இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது.

1985இல் வந்த ‘த கோல்டன் கேர்ள்ஸ்’ கேள்வியை வாழ்க்கையின் மறுமுனைக்குக் கொண்டுபோனது. மயாமியில் ஒரே வீட்டில் நான்கு முதிய பெண்கள்: மூன்று பேர் கணவனை இழந்தவர்கள், டோரதி மட்டும் 38 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின் கைவிடப்பட்டவள். டோரதியின் அம்மா சோஃபியா, தங்கியிருந்த முதியோர் இல்லம் எரிந்துபோனதால் வந்து சேர்கிறார். அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகளாக நடித்த பியா ஆர்தரைவிட ஓராண்டு இளையவர். நான்கு நடிகைகளும் எம்மி விருது பெற்றார்கள். முதுமையில் துணை, நோய், பணம் பற்றி நள்ளிரவில் சீஸ்கேக்கைப் பகிர்ந்துகொண்டு பேசிய அந்தப் பெண்கள், சொந்தத்தை நம்பாமல் சிநேகத்தை நம்பி ஒரு வீட்டை நடத்திக்காட்டினார்கள்.

இந்த வரிசையில் 1987 செப்டம்பர் 22 அன்று வந்ததுதான் ‘ஃபுல் ஹவுஸ்’. இதை உருவாக்கிய ஜெஃப் ஃபிராங்கிளின் முதலில் யோசித்தது மூன்று நகைச்சுவைக் கலைஞர்கள் சேர்ந்து வாழும் வீட்டை. ஏபிசி குடும்பத் தொடர் கேட்டதால் அதற்குள் மூன்று சிறுமிகள் வந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும் டேனியின் மனைவி, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் உயிரிழந்தவள். சில மாதங்கள் கூட இருந்து உதவிய டேனியின் அம்மா ஊருக்குத் திரும்ப, மைத்துனன் ஜெஸ்ஸியும் நண்பன் ஜோயியும் குடிவருகிறார்கள். மோட்டார்சைக்கிளில் வந்திறங்கும் ஜெஸ்ஸிக்குக் கிடைக்கும் அறையின் சுவரெங்கும் இளஞ்சிவப்பு முயல்கள். தங்கையோடு அறையைப் பகிரப் பிடிக்காத மூத்தவள் டி.ஜே. கார் நிறுத்தும் கொட்டகைக்குக் குடிபோகிறாள். கைக்குழந்தை மிஷெலுக்கு டயபர் மாற்றத் தெரியாத இரண்டு ஆண்கள் அவளைச் சமையலறைக்குத் தூக்கிப்போய், கைக்கு அகப்பட்டதைக் கொண்டு சமாளிக்கிறார்கள். மிஷெலாக நடித்தவர்கள் ஆல்சன் இரட்டையர். குழந்தை நடிகர்களின் வேலைநேரத்துக்குச் சட்ட வரம்பு இருந்ததால் மாறி மாறி நடித்தார்கள். ஒரு குழந்தையைத் திரையில் வளர்க்கவும் இரண்டு குழந்தைகள் தேவைப்பட்டார்கள்.

192 எபிசோடுகளில் அந்த மூன்று ஆண்களும் சளைக்காமல் செய்தது அம்மாவின் வேலையை. ஜுரத்துக்கு மருந்து, பள்ளி நாடகம், தூங்கும் முன் ஒரு சமாதானப் பேச்சு. ஆண் அன்பாக இருப்பது கேலிக்குரியது அல்ல என்று ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குக் காட்டிய தொடர் என்பதற்காகவே இதை மதிக்கவேண்டும். விமரிசகர்கள் இதைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்கியது நியாயமில்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. 1990இல் அமெரிக்கப் பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் தாயோடு மட்டும் வாழ்ந்தார்கள், தந்தையோடு மட்டும் 3 பேர். முப்பது ஆண்டுகளில் நிஜம் இவ்வளவு மாறியும், அன்புள்ள இரண்டு பெரியவர்கள் சம்பளமில்லாமல் வந்து தங்கும் அதிர்ஷ்டம் தந்தையோடு மட்டும் வாழ்ந்த அந்த மூன்று பேரின் கதைக்கே கிடைத்தது.

அரசியல்வாதியும் பெயின்டரும்

1992 மே 18 அன்று ‘மர்ஃபி பிரவுன்’ தொடரில் கதாநாயகி, மணமாகாத செய்தியாளர், குழந்தை பெற்றாள். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேசிய துணை அதிபர் டான் குவெயில், லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின் பின்னணியில் குடும்பச் சிதைவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்து, தனியாகப் பிள்ளை பெறும் இந்தப் பாத்திரம் தந்தையரின் முக்கியத்துவத்தை எள்ளுவதாகச் சாடினார். நாடே இரண்டுபட்டது. அந்த ஆரவாரத்தில் கவனிக்கப்படாமல் போனது கதையின் அடுத்த கட்டம். மர்ஃபியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர், ஆண்டுக்கணக்கில் அவள் வீட்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டே இருந்த எல்டின். வசதி மிக்க ஒரு பெண்ணுக்கும் ஆள் தேடும் பாடு இருந்தது, இங்கேயும் விடை வாசலில் வந்து நின்றது.

குவெயில் தந்தை இல்லாததைக் குறையாகப் பார்த்தார், எதிர்த்தரப்பு தாயின் உரிமையைப் பேசியது. திங்கட்கிழமை காலையில் குழந்தையை எங்கே விடுவது என்பதை இருவரும் பேசவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வார விடுப்பைத் தந்தது, சம்பளம் இல்லாமல்.

2009 முதல் 2020 வரை ஓடிய ‘மாடர்ன் ஃபேமிலி’, மறுமணக் குடும்பத்தையும் குழந்தையைத் தத்தெடுத்த இரண்டு ஆண்களின் குடும்பத்தையும் சர்வசாதாரணமாக ஒரே கூடத்தில் உட்காரவைத்தது. யாரெல்லாம் குடும்பமாக இருக்கலாம் என்ற விவாதத்தில் சிட்காம் வென்றுவிட்டது என்று அதைப் பார்த்துத் தைரியமாகச் சொல்லலாம். 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஃபுல்லர் ஹவுஸ்’ அப்படிச் சொல்லவிடவில்லை. வளர்ந்துவிட்ட டி.ஜே. மூன்று மகன்களின் தாய். தீயணைப்பு வீரரான கணவர் இறந்துவிட்டார். தங்கையும் தோழியும் வந்து கூடக் குடியிருக்கிறார்கள். ஆண்களின் இடத்தில் பெண்கள் என்பதைத் தவிர எல்லாம் பழைய ஏற்பாடு. அப்போதும் ஒரு மரணம் தேவைப்பட்டது.

அடுத்த ஆண்டு அதே நிறுவனம் ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரைப் புதிதாக எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் கியூப அமெரிக்கக் குடும்பம். தாய் பெனலபி முன்னாள் ராணுவச் செவிலியர், போரின் மனக்காயத்தால் குடிக்கும் கணவரைப் பிரிந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டி லிடியா. ரீட்டா மொரேனோ நடித்த அந்தப் பாட்டிக்குத் தனியறை கிடையாது, கூடத்தின் ஓரத்தில் ஒரு திரைக்குப் பின்னால் படுக்கை. அவருடைய சமையலும் கண்டிப்பும் இல்லாவிட்டால் பெனலபியால் ஒரு நாள்கூட வேலைக்குப் போக முடியாது என்பதைத் தொடர் ஒளிக்காமல் சொன்னது. மூன்று சீசன்களுக்குப் பின் 2019இல் நெட்ஃபிளிக்ஸ் அதை நிறுத்தியது, பாப் தொலைக்காட்சி நான்காவது சீசனை எடுத்தது. அத்தை பீயிலிருந்து ஆலிஸ் வரை, பப்பிலிருந்து ஜெஸ்ஸி வரை வந்தவர்களைத் தொடர்கள் அன்பின் பெயரால் அறிமுகப்படுத்தின. லிடியாவின் வேலையை இந்தத் தொடர் வேலை என்றே காட்டியது. இனி எழுதப்படும் சிட்காம்களை மதிப்பிடும்போது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அவர்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாள் விடுமுறை தேவைப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தொடர் எண்ணிப் பார்த்திருக்கிறதா என்றும் விமரிசகர்கள் கேட்கவேண்டும்.